பங்கு வீடும் பேரப்பிள்ளைகளும்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல இன்று வருஷத்தில் சில நாட்களே திறந்திருக்கின்றன. கல்யாணம், மணிவிழாச் சாந்தி, முன்னோருக்கான படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்கிறார்கள். ‘பிள்ளைகளும் ஊரைப் பார்க்கட்டுமே’ என்று பேரன் பேத்திகளையும் கூட்டி வருகிறார்கள். நல்ல வழக்கம்தான். பாட்டையா காலத்தைப் பிள்ளைகள் அங்கே முழுசாகப் பார்த்துவிடுகிறார்களா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம் உண்டு.

முதலில் லாபக் கணக்கு. முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை நேராகப் போகும் வீடு அது. அந்த நீளம் போட்டோவில் பிடிபடாது, ஓடிப் பார்த்த பிள்ளைக்குத்தான் பிடிபடும். வளவைச் சுற்றியிருக்கும் இரட்டை வீடுகள் ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக ஒதுக்கப்பட்டவை. கல்யாணமானதும் மகனை ‘வேறு வைப்பது’ நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வழக்கம். கூரை ஒன்று, அடுப்பும் வரவு செலவும் தனித்தனி. கூட்டுக்குடும்பம் என்றால் எல்லாருக்கும் ஒரே உலை என்று சினிமா சொல்லிக்கொடுத்ததை, பின்கட்டில் இத்தனை அடுப்பு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை அப்புறம் நம்பாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

சாமான் அறையைத் திறந்தால் இன்னும் ருசியான சங்கதி கிடைக்கும். மங்கு சாமானும் பித்தளையும் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். தவலை ஒன்றைத் திருப்பினால் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெரியும். தலைப்பெழுத்துகளும் பெயருமாக வெட்டிய விலாசம் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பையன் தன் பெயரையே அங்கே கண்டு திகைப்பதுண்டு. மூத்த பேரனுக்கு ஐயா பெயரை இடுவதால் ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பெயர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. தனக்கு முன்பும் ஒருவர் இந்தப் பெயரில் இருந்தார், கடை வைத்தார், கப்பலேறினார் என்பது அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது.

கோளாறு பெரியவர்கள் வாயைத் திறக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு என்று பெருமையாகச் சொல்வார்கள். மரம் எங்கிருந்து வந்தது என்பதோடு கதை நின்றுவிடும், பணம் எங்கிருந்து வந்தது என்ற இடத்துக்கு வராது. அதில் பெரும்பங்கு கீழ் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கொடுத்த கடனின் வட்டி. அந்தக் கடன் இல்லாமல் ஐராவதிக் கழிமுகம் அவ்வளவு வேகமாக வயலாகியிருக்காது. உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் அடைபடவில்லை, அடமான நிலம் கைமாறியது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது உயிர் தப்பி ஓடி வந்ததும், 1948இன் பர்மா நிலத் தேசியமயச் சட்டமும் வீட்டில் இன்றும் ஆதங்கத்தோடு பேசப்படுகின்றன. அந்த நிலத்தைக் கடனுக்கு இழந்தவன் குடும்பம் என்ன ஆயிற்று என்ற பேச்சே எழுவதில்லை. சின்னப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் சொல்வதா என்பார்கள். தனிவட்டிக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் புரியும்.

விசேஷ நாளில் மட்டும் பார்ப்பதிலும் ஒரு குறை இருக்கிறது. வெள்ளையடித்து, சரவிளக்கைத் துடைத்து, வாழைமரம் கட்டிய வீட்டைத்தான் பிள்ளைகள் காண்கிறார்கள். ஓடு மாற்ற ஆகும் செலவை எந்தப் பங்காளி தருவது என்ற இழுபறி பெரியவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நாளைக்குப் பங்கோடு சேர்த்து அந்த இழுபறியும் இவர்கள் தலையில்தான் விழும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பிரித்த வீடுகளின் கதவும் தூணும் மங்குத் தட்டும் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. பிள்ளைகளை அங்கேயும் ஒரு நடை கூட்டிப் போகலாம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். நகரத்தார் கோயில்களில் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கு கல்யாணமான ஆண்களை வைத்து எழுதப்படுகிறது. பேத்தி நாளை புகுந்த வீட்டுப் புள்ளியில் சேர்ந்துவிடுவாள் என்பதால், இந்த வீட்டுக் கதை அண்ணனுக்குச் சொல்லப்படும் அக்கறையோடு அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது, 2005இல் மத்திய அரசும் திருத்தியது. ‘எனக்கு எந்த அறை, அப்பத்தா?’ என்று அவள் கேட்டால் இப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிடலாம். வீட்டை விற்கவோ பிரிக்கவோ பத்திரம் எழுதும் அன்று வக்கீல் அவள் கையெழுத்தையும் கேட்பார்.