200 நிமிடமும் 10 பேரும்

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான எழுத்து வகை இருக்கிறது. வருடா வருடம் செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். நவம்பரில் உதிர்ந்துவிடும். கல்லூரி பாஸ்கெட்பால் சீஸன் ஆரம்பிக்கும் முன்பே, எந்த அணியில் முதல் ஐந்து பேர் யார், ஆறாவதாக இறங்குபவர் யார், யாருக்கு எத்தனை நிமிடம் என்று ஆரூடம் சொல்லும் எழுத்து. 'ரொட்டேஷன்' என்பார்கள். இதற்கென்றே தடிதடியாக ஆண்டு மலர்கள் வருகின்றன. படிக்க ஆளா இல்லை? கென்டக்கி மாநிலத்தில் முதல் நாள் பயிற்சியைப் பார்க்கும் டிக்கெட்டுக்காகக் கூடாரம் அடித்துப் படுத்துக் கிடப்பார்கள். மேட்ச் இல்லை சார், பயிற்சி!

கணக்கு ரொம்ப சிம்பிள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200. இந்த 200 நிமிடத்தைத்தான் பன்னிரண்டு, பதின்மூன்று பையன்களுக்குப் பங்கு போடவேண்டும். பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு பாசம் வந்துவிடுகிறது. பட்ஜெட்தானே இது? வரவு 200. டை ஆகி ஓவர்டைம் போனால் 25 கூட வரும். அது தீபாவளி போனஸ் மாதிரி, நம்பிச் செலவு செய்யக்கூடாது.

இப்போது அந்த ஆரூடக் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே போட்டிருக்கும் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். பல சமயம் 200-ஐத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். ஏன்? எழுதுகிறவருக்கு எல்லோரையும் பிடிக்கிறது. போன வருடம் 30 நிமிடம் ஆடியவரா, இந்த வருடமும் 30. புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பையன் பள்ளியில் பெரிய புலியா, அவனுக்கு 28. முழங்கால் ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவரா, பாவம், அவருக்கு 20. கூட்டிக் கொடுக்க யாருக்கும் மனசு வரும். குறைக்கத்தான் வராது. யாருக்குக் குறையும் என்று சொல்லாத ரொட்டேஷன் கட்டுரை, செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நீட்டிய பேலன்ஸ் ஷீட்.

இந்த வகை எழுத்து முழுசாக மண்ணைக் கவ்விய வருடம் ஒன்று உண்டு. 2014-15. அணி, கென்டக்கி பல்கலைக்கழகம்.

முதலில் பின்னணி. அதற்கு முந்தைய சீஸனில் கென்டக்கியை நாட்டிலேயே நம்பர் 1 என்று எல்லோரும் முன்கூட்டியே சொன்னார்கள். அணி வழிநெடுகத் தடுமாறியது. ரெகுலர் சீஸன் முடியும்போது முதல் 25-லேயே இல்லை. பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு, ஏப்ரல் 2014-ல் ஃபைனல் வரை போய் கனெக்டிகட்டிடம் 60-54 என்று தோற்றது. ஜூலியஸ் ராண்டில், ஜேம்ஸ் யங் இருவரும் என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள். வழக்கமாக கென்டக்கியில் நல்ல பையன்கள் எல்லோருமே ஒரே வருடத்தில் போய்விடுவார்கள். 2006 டிராஃப்டிலிருந்து, பள்ளி முடித்தவுடன் என்.பி.ஏ.வில் சேர முடியாது, ஒரு வருடம் கழியவேண்டும் என்று விதி. அந்த ஒரு வருடத்தைக் கழிக்கிற சத்திரமாகத்தான் பலர் கல்லூரியைப் பார்த்தார்கள். கோச் ஜான் கலிபாரி சத்திரத்தின் கெட்டிக்கார மேனேஜர்.

அந்த வருடம் பார்த்து பழையவர்கள் பலர் கிளம்பவில்லை. ஆன்ட்ரூ, ஆரன் என்ற ஹாரிசன் இரட்டையர், ஏழடி வில்லி காலி-ஸ்டைன், அலெக்ஸ் பாய்த்ரஸ், டகாரி ஜான்சன், மார்கஸ் லீ. எல்லோரும் தங்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், ட்ரே லைல்ஸ், டெவின் புக்கர், டைலர் யூலிஸ். பள்ளி அளவில் தேர்ந்தெடுக்கப்படும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் ஒன்பது பேர். (காலி-ஸ்டைனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. கல்லூரி அளவில் அந்த சீஸனின் தேசிய ஆல்-அமெரிக்கன் முதல் ஐவரில் இடம்பிடித்தவர் அவர்தான். ஆரூடத்தின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.)

பந்தியில் இலை ஐந்து. பசியோடு வாசலில் பத்துப் பேர். யாரை உட்கார வைப்பீர்கள்?

கலிபாரி யாருமே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பத்துப் பேரையும் இரண்டாகப் பிரித்து நீல அணி, வெள்ளை அணி என்றார். நீலம் சுமார் நான்கு நிமிடம் ஆடும். பிறகு ஐந்து பேரும் மொத்தமாக வெளியே, வெள்ளை உள்ளே. ராணுவத்தில் சொல்கிற 'பிளட்டூன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆளுக்கு 20 நிமிடம். 200 வகுத்தல் 10. மூன்றாம் வகுப்புக் கணக்கு!

ஆகஸ்ட் 2014-ல் பஹாமாஸ் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆறு மேட்ச் ஆடவிட்டு இதைச் சோதித்தார். ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. உடனே எழுதித் தள்ளினார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் காலி-ஸ்டைனும் லைல்ஸும் காயம் காரணமாக ஆடவே இல்லை. பன்னிரண்டில் இரண்டு போனால் பத்து. அதனால்தான் இரண்டு ஐவர் அணி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. அந்த இருவரும் திரும்பும்போது யாருக்குக் குறையும் என்ற கேள்வியை அழுத்திக் கேட்கவேண்டிய நேரம் அது. முக்கால்வாசிப் பேருக்கு ஆச்சரியப்படவே நேரம் சரியாக இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சீஸன் தொடங்கியதும் பிளட்டூன் பிரமாதமாகத்தான் ஓடியது. நவம்பர் 18, கான்சஸ் அணியை 72-40. டிசம்பர் 20, யு.சி.எல்.ஏ.வுக்கு எதிராகப் பாதி ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 41-7. எதிரணி ஏழு பாயிண்ட்! எதிரே இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கும்போது இங்கே ஐந்து புதுக் கால்கள் இறங்குகின்றன. யாரால் தாங்க முடியும்?

ஆனால் அந்த யு.சி.எல்.ஏ. மேட்சுக்கு ஒன்பது நாள் முன்பே பிளட்டூன் செத்துவிட்டது. டிசம்பர் 11-ம் தேதி பயிற்சியில் அலெக்ஸ் பாய்த்ரஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏ.சி.எல். அவருக்கு அந்த சீஸன் அதோடு முடிந்தது. பத்து ஒன்பதானது. ஒன்பதை இரண்டால் வகுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். லைல்ஸ் முதல் ஐந்துக்கு வந்தார். ஆறடி பத்து அங்குலக்காரரை, வழக்கமாகக் குள்ளமானவர்கள் ஓடியாடும் இடத்தில் நிறுத்தினார்கள். நீலம், வெள்ளை எல்லாம் கரைந்து பழையபடி ஒவ்வொருவராக மாற்றுவது ஆரம்பித்தது.

அப்படியும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். 38 மேட்ச், 38 வெற்றி. யாருடைய சராசரியும் 26 நிமிடத்தைத் தாண்டவில்லை. அடுத்த டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வாகப்போகிற டவுன்ஸுக்கே 21 நிமிடம்தான். டெவின் புக்கர் ஒரே ஒரு மேட்சில்கூட முதல் ஐந்தில் இறங்கவில்லை. இரண்டே வருடம் கழித்து, மார்ச் 2017-ல், என்.பி.ஏ.வில் ஒரே ஆட்டத்தில் 70 பாயிண்ட் அடித்த அதே புக்கர்தான்!

ஏப்ரல் 4, 2015. இண்டியானாபொலிஸில் விஸ்கான்சினோடு அரையிறுதி. ஆறு நிமிடம் சொச்சம் பாக்கி இருக்கும்போது கென்டக்கி 60-56 என்று முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு விஸ்கான்சின் 15, கென்டக்கி 4. அந்த நேரத்தில் ஷாட் க்ளாக் 35 விநாடி. அதற்குள் பந்தைக் கூடையை நோக்கி எறியவேண்டும். கென்டக்கி அடுத்தடுத்து மூன்று முறை எறியவே முடியாமல் பந்தைப் பறிகொடுத்தது. 71-64. முடிந்தது. 38-1.

என் குற்றச்சாட்டு இங்கேதான். ஆரூடக்காரர்கள், பிளட்டூனை ஆகா ஓகோ என்றவர்கள், ஏன், கலிபாரியும்கூட, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: 40 நிமிடத்தில் யாருக்கு எவ்வளவு? கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. கடைசி ஐந்து நிமிடத்தில் யார் நிற்பார்கள், பந்து யார் கையில் இருக்கும்? முதல் பாதியின் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் கணக்கில் ஒன்றுதான். ஆட்டத்தில் இல்லை. டவுன்ஸ் அன்றைக்கு 16 பாயிண்ட், கென்டக்கியில் அவர்தான் அதிகம். அவர் கையில் பந்து போய்ச் சேரவேண்டிய நேரத்தில், வெளிவட்டத்திலேயே தட்டிக்கொண்டு நின்று நேரத்தைத் தின்றுவிட்டார்கள். வருடம் முழுக்க யாரும் தனித்துத் தெரியாதபடி சமமாக வளர்த்த அணி. சிக்கலான நேரத்தில் 'நீ பார்த்துக்கோ' என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனார் என்று நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம். ஓர் இரவு சரியில்லை, அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வருடம் கோப்பையை ஜெயித்தது யார் தெரியுமா? டியூக். அவர்கள் பிரச்னை நேர் எதிர். ஒரு பையன் டிசம்பரில் வேறு கல்லூரிக்குப் போனார். இன்னொருவரை ஜனவரியில் கோச் மைக் ஷஷெவ்ஸ்கியே வெளியே அனுப்பினார். மிச்சம் ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்கள் எட்டே பேர். அதில் எட்டாவது ஆள் மாதிரி பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் கிரேசன் ஆலன் என்ற முதலாண்டு மாணவர். சராசரி 9 நிமிடம். ஃபைனலில் அதே விஸ்கான்சினிடம் டியூக் 48-39 என்று ஒன்பது பாயிண்ட் பின்தங்கியபோது, இந்தப் பையன் தொடர்ந்து எட்டு பாயிண்ட் அடித்தான். மொத்தம் 16. டியூக் 68-63. எந்த அக்டோபர் ஆரூடத்தில் ஆலனுக்கு ஃபைனலின் நடுப்பகுதியை ஒதுக்கியிருப்பார்கள்?

இதில் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. அடுத்த சீஸன், 2015-16, கென்டக்கிக்கு ஸ்கால் லபிஸ்ஸியே என்று ஒரு பையன் வந்தான். ஹெய்ட்டி நாட்டுக்காரன். 2010 பூகம்பத்தில் வீடு இடிந்து மணிக்கணக்கில் இடிபாடுகளுக்குள் கிடந்து பிழைத்தவன். டவுன்ஸ் விட்டுப்போன இடத்தில் அப்படியே இவன் பெயரை எழுதினார்கள். 2016 டிராஃப்டில் முதல் ஆளே இவன்தான் என்றும் எழுதினார்கள். சீஸன் தொடங்கிக் கொஞ்ச நாளில் முதல் ஐந்திலிருந்து விலக்கப்பட்டான். சராசரி 16 நிமிடம். டிராஃப்டில் 28-வது. எழுதியவர்கள் யாரும் தங்கள் வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஏமாற்றினான்' என்றுதான் எழுதினார்கள். யார் யாரை ஏமாற்றியது? அவனா வந்து சத்தியம் பண்ணினான்? அதே அணியில் ஐந்தடி ஒன்பது அங்குல டைலர் யூலிஸ் ஏறக்குறைய 37 நிமிட சராசரியில் ஆடி, கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

இப்போது இந்த எழுத்து இன்னும் கஷ்டமாகிவிட்டது. 2021-லிருந்து மாணவர்கள் ஒரு வருடம் சும்மா உட்காராமலே கல்லூரி மாறலாம். 2024-லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும். பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க 2021 ஜூலையில் அனுமதி வந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடி டாலர் வரை. 2024 ஏப்ரலில் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனபோது அங்கே அணி என்று சொல்ல ஆளே இல்லை. அவர் விட்டுப்போன கென்டக்கியிலும் புது கோச் மார்க் போப், பழைய ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுசாகப் புது அணி கட்டினார். போன வருட நிமிடங்களைப் பார்த்து இந்த வருடம் சொல்லும் ஜோசியம் எப்படிப் பலிக்கும்? பெயர்ப் பலகையும் ஜெர்ஸி நிறமும்தான் மாறாதவை.

முன்பெல்லாம் ஒரு பையனுக்கு 12 நிமிடம் என்று எழுதினால் அவன் அம்மா வருத்தப்படுவார். இப்போது அந்த 12, அவனுடைய அடுத்த வருட பேரத்தின் முதல் எண். எழுதுகிறவர்கள் கூட்டலை ஒருமுறை சரிபார்க்கலாம். கோச்சின் பேட்டியைப் படிப்பதைவிட, கடந்த மூன்று வருட மார்ச் மாத மேட்சுகளில் அவர் எத்தனை பேரை நம்பினார் என்று எண்ணலாம். அக்டோபரில் பத்துப் பேர் என்று பேசும் கோச்சுகள் மார்ச்சில் ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

மார்கஸ் லீயைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக்கூடாது. 2014 மார்ச்சில், காலி-ஸ்டைனுக்குக் கணுக்காலில் அடிபட்டிருந்த சமயம், மிஷிகனுக்கு எதிராக பெஞ்சிலிருந்து எழுந்துவந்து 15 நிமிடத்தில் 10 பாயிண்ட், 8 ரீபவுண்ட் எடுத்தவர். அதுவரை அவர் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரே இரவில் ஹீரோ. அடுத்த சீஸன் வெள்ளை அணியில் இடம். பாய்த்ரஸ் போய் ஒன்பது பேரானபோது, ஒன்பதில் மிகக் குறைவான நிமிடம் அவருக்குத்தான். 2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அன்றைய விதிப்படி ஒரு வருடம் முழுக்க கோட்டு சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, 2017-18-ல்தான் களத்தில் இறங்கினார்.