தலைமை ஆதிக்கமான கதை

சொல்லுக்குப் பொருள் என்னவென்று அகராதியைப் புரட்டுவோர் பலர். அந்தச் சொல்லை யார் ஆண்டனர், யார்மீது ஏவினர், யார் உழைப்பைத் தின்று அது கொழுத்தது என்று கேட்போர் மிகச் சிலர். அவ்வாறு கேட்கத்தக்க சொல்லொன்று ஆங்கிலத்திலே உண்டு, ‘ஹெஜிமனி’ என்பர். ‘மேலாதிக்கம்’ என்று நம் ஏடுகளில் எழுதுகிறோம், மேடைகளில் முழங்குகிறோம். ஆயின், அந்தத் தமிழ்ப்பெயர் மூலச்சொல்லின் பாதிப் பொருளைத்தான் காட்டுகிறது என்பது நம் கருத்து. மறைந்து நிற்கும் மறுபாதியே ஆபத்தானது!

சொல்லின் தாயகம் கிரேக்கம். ‘ஹெகெமோன்’ என்றால் முன்னே செல்பவன், வழிகாட்டி, படைத்தலைவன். ‘ஹெகெமோனியா’ என்றால் அவன் ஏற்ற தலைமை. ஆதிக்கம், அடக்குமுறை என்ற வாடை அதன் பிறப்பிலே இல்லை. பின் எங்கிருந்து வந்தது? ஏதென்ஸ் நகரின் வரலாறு விடை கூறும்.

பாரசீகப் பேரரசின் படையெடுப்பைக் கிரேக்க நகரங்கள் முறியடித்தபின், கி.மு. 478இல் ஏதென்சின் தலைமையிலே ஒரு கூட்டணி அமைந்தது. அத்தலைமையை ஏதென்ஸ் பறித்துக்கொள்ளவில்லை. ஸ்பார்ட்டாவின் தளபதி காட்டிய செருக்கைச் சகியாத நகரங்கள் தாமே வந்து, “நீங்கள் தலைமை ஏற்க வேண்டும்” என்று வேண்டின. கப்பல் தரக்கூடிய நகரம் கப்பல் தரட்டும், மற்றவை பணம் தரட்டும் என்று முடிவாயிற்று. முதலில் விதித்த தொகை 460 தாலந்து என்று துசிடிடீஸ் எழுதுகிறார். பொதுப்பணம் டெலோஸ் தீவிலே வைக்கப்பட்டது. கூட்டமோ அங்கிருந்த கோயிலிலே கூடிற்று.

நாள் செல்லச் செல்ல, போருக்குச் செல்ல மனமில்லாத நகரங்கள் பல, கப்பலுக்கு ஈடாகப் பணமே தருகிறோம் என்றன. பணம் குவிந்தது. அதைக்கொண்டு ஏதென்சின் கடற்படை பெருத்தது. பணம் தந்த நகரங்களிடமோ கப்பலும் இல்லை, போர்ப்பயிற்சியும் இல்லை. தம்மை அடக்கப்போகும் படைக்குத் தாமே கூலி கொடுத்து வளர்த்த விந்தையை என்னென்பது! நாக்சோஸ் தீவு விலகிச்செல்ல விரும்பியது. முற்றுகையிட்டுப் பணிய வைத்தனர். கி.மு. 454இல் கருவூலமே ஏதென்சுக்குப் பெயர்ந்தது. டெலோஸ் தீவின் அப்பல்லோ தெய்வம் தடுக்கவில்லை! அதன்பின், வந்த தொகையில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தெய்வத்துக்கென ஒதுக்கப்பட்டு, கணக்கு கல்லிலே வெட்டப்பட்டது. கி.மு. 447இல் அத்தெய்வத்துக்குப் பார்த்தினன் கோயில் எழும்பத் தொடங்கிற்று. நட்பு நகரங்கள் போருக்கெனத் தந்த பணத்தில் நம் நகருக்கு ஒப்பனையா என்று பெரிக்ளீசின் எதிர்த்தரப்பினரே இடித்துரைத்தனர் எனப் புளூட்டார்க் கூறுகிறார்.

கி.மு. 416இல், பணிய மறுத்த மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்றனர். பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமையாக்கினர். செய்தவர்கள் எவர்? மக்களாட்சியின் தொட்டில் என்று உலகம் பாராட்டும் ஏதென்சின் குடிமக்கள்! உள்ளே வாக்குரிமை, வெளியே வாள்முனை. கி.மு. 404இல் அந்த ஆதிக்கம் வீழ்ந்தது. ஆனால் சொல் பழைய சொல்லாக இல்லை; வழிகாட்டியின் மேலாடைக்குள் எஜமானன் புகுந்துவிட்டான்.

16ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலத்துக்குள் நுழைந்த இச்சொல், நெடுங்காலம் பழங்கிரேக்கக் கதை பேசவே பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான், ஜெர்மானிய அரசுகளிடையே பிரஷ்யா பெற்ற முதன்மையைக் குறிக்க எடுத்தாளப்பட்டு, நிகழ்கால அரசியலின் சொல்லாயிற்று.

பின்னர் அச்சொல்லுக்குப் புதுப்பொருள் கண்டவர் இத்தாலியின் அந்தோனியோ கிராம்சி. முசோலினியின் ஆட்சி 1926இல் அவரைச் சிறையிட்டது. 1929 முதல் 1935 வரை, நோயோடு போராடியபடி, அவர் குறிப்பேடுகளை எழுதி நிரப்பினார், 1937இல் மறைந்தார். அவரை வாட்டிய கேள்வி ஒன்று: எண்ணிக்கையில் மிகுந்த உழைப்பாளரைச் சிறுகூட்டம் எவ்வாறு ஆளுகிறது? தடியும் சிறையும் மட்டுமா காரணம்? அல்ல என்று கண்டார். ஆளப்படுவோரின் இசைவும் காரணம். பள்ளியும் மாதாகோயிலும் பத்திரிகையும் சேர்ந்து, ஆள்வோரின் கருத்தையே எல்லோருக்கும் உரிய பொதுப்புத்தியாக்கிவிடுகின்றன. “உலகம் அப்படித்தான்” என்று உழைப்பவனே சொல்லும்போது காவலர் எதற்கு? “எல்லாம் தலையெழுத்து” என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

இதுதான் நாம் சொன்ன மறுபாதி. ‘மேலாதிக்கம்’ என்றதும் மேலே இருப்பவனின் வலிமை நினைவுக்கு வருகிறது. கீழே இருப்பவனின் இசைவு நினைவுக்கு வருவதில்லை. பாதியை மறந்ததால் சொல் வெறும் வசைச்சொல்லாயிற்று. வசைச்சொல்லை எவரும் எவர்மீதும் வீசலாமே! 1972இல் ஷாங்காய் நகரில் அமெரிக்காவும் சீனாவும் கூட்டறிக்கை வெளியிட்டன. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இருவரில் எவரும் மேலாதிக்கம் நாடலாகாது என்றன. அதே ஆண்டிலே அமெரிக்க விமானங்கள் வியட்நாமில் குண்டுமாரி பொழிந்தன. 1979இல் சீனப்படை அதே வியட்நாமுக்குள் புகுந்தது. மேலாதிக்கத்தை எதிர்ப்பதாக இருவரும் வெளியிட்ட அறிக்கையின் மை உலர்ந்தது. வியட்நாமியரின் குருதி உலரவில்லை.

எனவே தோழர்களே, அச்சொல்லை முழங்கும்போது மூன்று கேள்விகளையும் உடன் கேட்போம். மூன்றும் ஏதென்ஸ் கற்பித்தவை. விலகிச்செல்ல விரும்புவோர் விலக முடிகிறதா? நாக்சோசால் முடியவில்லை. பொதுப்பணம் யார் கையில், எதற்குச் செலவாகிறது? டெலோஸ் கருவூலம் பெயர்ந்த கதை அறிவோம். பின்செல்வோர் தம் கப்பலைத் தம்மிடமே வைத்திருக்கின்றனரா, அன்றிப் பணத்தைக் கட்டிவிட்டு, சிந்திக்கும் வேலையையும் தலைவனிடமே விட்டுவிட்டனரா?

அயலாரை நோக்கி மட்டும் கேட்டால் இக்கேள்விகளுக்கு மதிப்பில்லை. நாம் விரும்பி ஏற்ற தலைமையை நோக்கியும், நம் சங்கத்தை நோக்கியும், நம் வீட்டை நோக்கியும் கேட்க வேண்டும். ஏனெனில், ஏதென்சை அழைத்துவந்து அரியணையில் அமர்த்தியவர்கள் எதிரிகள் அல்லர், நண்பர்கள். தலைமை வேண்டும், மறுக்கவில்லை. அது வழிகாட்டும் வரையில் பின்செல்வோம். கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கும் நாளில், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவோம்!