ஆர்கனும் கீர்த்தனையும்

பழுதுபட்ட ஆர்கனுக்கு மாற்றாகப் புதியதொன்று வாங்க நிதி திரட்டுவது, கிறித்துவத் தேவாலயங்கள் பலவற்றில் தலைமுறைக்கு ஒருமுறை நிகழ்வதாகும். எவ்வளவு சேர்ந்தது என எல்லோரும் கேட்பர். அக்கருவியை யார் வாசிப்பார், எவருடைய பாட்டுக்கு அது துணை செய்யும் எனக் கேட்பார் சிலரே. இவ்விரண்டுக்கும் விடை காணாது திரட்டும் நிதி கருவியை வாங்கும், இசையை வாங்காது.

குழாய் ஆர்கன் காற்றால் இயங்குவது. ஒரு குழாய்க்கு ஒரே சுரம். ஆதலின் பெரிய ஆர்கன்களில் ஆயிரக்கணக்கான குழாய்கள் உண்டு. மரமும் தோலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த அமைப்பு அது. ஜொகூரைப் போன்ற ஈரவெப்ப நாட்டில் மரம் ஊதும், தோல் நையும், கறையான் தன் வேலையைச் செய்யும். செப்பனிடுவோர் அருகில் இல்லாமையால், விலை குறைந்த மின்னணு ஆர்கனை நாடுதல் இயல்பே. ஆயினும் பழையதைக் கழித்துவிடுதல் ஒன்றே வழியன்று.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜொகூர் பாலத்தைக் கடந்தாலே போதும். சிங்கப்பூரின் நல்லாயன் பேராலயம் ஜொகூர் மக்களுக்கு அயலானதன்று. 1972-இல் மலாக்கா-ஜொகூர் தனி மறைமாவட்டம் ஆகும்வரை ஜொகூர்க் கத்தோலிக்கருக்கும் அதுவே தலைமைக் கோயில். அங்கே 1912-இல் நிறுவப்பெற்ற இலண்டன் பெவிங்டன் நிறுவனத்து ஆர்கன், சிங்கப்பூரில் இயங்கும் குழாய் ஆர்கன்களில் மிகப் பழையது. பேராலயத்தைப் புதுப்பிக்கும் பெரும்பணி 2013-இல் தொடங்கி, 2016-இல் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பணியையொட்டி, பழைய ஆர்கனை எறிந்துவிடாது, பிலிப்பீன்சு நாட்டு லாஸ் பின்யாஸ் நகரத்து தியேகோ செரா நிறுவனத்தாரிடம் கொடுத்துப் புதுப்பித்தனர்.

ஐரோப்பியக் கருவியைச் செப்பனிடும் கைத்திறன் ஆசிய நாடொன்றில் எவ்வாறு தோன்றியது? விடை அந்நிறுவனத்தின் பெயரிலேயே உள்ளது. தியேகோ செரா என்னும் இசுபானியத் துறவி 1816-இல் தொடங்கி 1824-இல் முடித்த மூங்கில் ஆர்கன் லாஸ் பின்யாஸ் கோயிலில் இன்றும் ஒலிக்கிறது. அதன் 1,031 குழாய்களில் 902 மூங்கிலால் ஆனவை. அவர் தம் நாட்டு ஈயத்துக்குக் காத்திராமல் உள்ளூர் மூங்கிலை எடுத்தாண்டார். நிலநடுக்கமும் புயலும் அதனைச் சிதைத்தன. 1973-இல் ஜெர்மனியின் போன் நகரத்துக் கிளைஸ் பட்டறைக்கு அனுப்பப்பெற்று, 1975-இல் அது தன் ஊருக்குத் திரும்பியது. பழைய கருவியைக் காக்க முனைந்த ஊரிலே கருவி செய்யும் தொழிலே வேரூன்றிவிட்டது. விலைக்கு வாங்கிய கருவியால் மட்டும் இத்தகைய பயன் விளைவதில்லை.

இனி, எவருடைய பாட்டு என்னும் வினா. தமிழ்ச் சபைகளில் இது பழைய வழக்கு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோசி மன்னரின் அவைப் புலவர். இராகமும் தாளமும் அமைந்த கிறித்துவக் கீர்த்தனைகளை இயற்றியவர். 1820-களின் இறுதியில் புதிதாய் வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டை ஆராதனையினின்று விலக்கியதைத் தமக்கு இழைத்த கொடுமைகளுள் ஒன்றாக அவர் எண்ணினார். அதே முறையீட்டில் அவர் சாதி வேற்றுமைக்கும் பரிந்து பேசினார்; அதனை இன்று எவரும் ஏற்கார். ஆயின் பாட்டைப் பற்றிய அவர் வழக்கு நேரியதே. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அவ்வழக்கு வென்றது எனலாம்.

ஆர்கன் கீர்த்தனைக்குப் பொருந்துமா? ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் உடைய கருவியில் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் பிறவாது. தோடியைக் கட்டைக்குக் கட்டை நிறுத்தி வாசித்தால் எலும்பு தெரியும், உயிர் தெரியாது. இக்குறையைச் சுட்டியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. இதற்கிடையிலும் நாடக மேடையும் பஜனைக் கூடமும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. ஆகவே 'மேனாட்டுக் கருவி, வேண்டா' என்பாரும், 'ஆர்கன் இல்லாக் கோயிலுக்கு மதிப்பில்லை' என்பாரும் ஒருபுடையே நோக்குகின்றனர். பலர் கூடிப் பாடும் ஞானப்பாட்டுக்கு ஆர்கனைப்போல் துணை வேறில்லை. கீர்த்தனைக்கோ வயலினும் புல்லாங்குழலும் மிருதங்கமுமே உற்ற துணை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதே பிழை.

கருவி கெட்டால் செப்பனிடலாம். கை அற்றுப்போனால் மீட்டல் அரிது. யாழ் தமிழருக்கு இதனை உணர்த்தும். சங்கப் பாணர் தோளில் தொங்கிய அக்கருவி வழக்கொழிந்தபின், அதன் இயல்பை நூல்வழித் தேடி அறிய விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்தார். யாழ் நூல் வெளிவந்தது 1947-இல். நூல் கிடைத்தது, ஆயினும் யாழ் மீண்டும் வீட்டுக் கருவி ஆகவில்லை.

ஆதலின் ஆர்கன் நிதி திரட்டும் சபையார் பழையது செப்பமாகுமா என முதலில் கைத்திறனறிந்தாரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இளைஞர் சிலருக்கு ஆர்கன் பயிற்றவும், ஒரு பங்கைச் சிறுவர்க்குக் கீர்த்தனை கற்பிக்கவும் ஒதுக்குதல் வேண்டும். உண்டியலில் காசிடும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அக்கட்டைகளைத் தொடும் வாய்ப்புக் கிட்டுமானால், அதுவே தக்க கைம்மாறு. கிட்டாதேல், புதிய ஆர்கனும் சில்லாண்டுகளில் துணி போர்த்திய மரப்பெட்டியாகும். மீண்டும் ஒரு நிதி தொடங்கும்.