வானொலிச் செவ்வி: பூண்டுலோயாவிலும் தமிழ்நாட்டிலும்

எழுத்தாளரை வானொலிக்கு அழைத்துப் பேசவைக்கும் வழக்கம் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக இருக்கிறது. இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவில் இருந்து கதை எழுதும் எனக்கு இரண்டு பக்கத்து ஒலிவாங்கிகளும் வாய்த்தன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

ஆரம்பத்தில் இரு நாடுகளும் ஒரே வழியில்தான் நடந்தன. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. பிற்காலத்தில் தி. ஜானகிராமனும் அகிலனும் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார்கள். கொழும்பு வானொலியில் சோ. சிவபாதசுந்தரமும் 'சானா' சண்முகநாதனும் இருந்தார்கள். கேள்வி கேட்கும் இடத்திலும் இலக்கியம் அறிந்தவர்கள் இருந்த காலம் அது.

பாதை பிரிந்தது தனியார் அலைவரிசைகள் வந்த பிறகுதான். இந்தியாவில் அவை பெரும்பாலும் சினிமாப் பாட்டோடு நின்றுகொண்டன. இலக்கியம் அரசு வானொலியிடமே தங்கிவிட்டது. இலங்கையில் 1998இல் சூரியன், சக்தி ஆகியவை வந்ததும் தமிழ் வானொலியின் நடையே மாறியது. நேரலையும் நேயர் அழைப்பும் முன்னுக்கு வந்தன.

தமிழ்நாட்டு நிலையம் ஒன்றில் என்னைப் பதிவுசெய்தபோது, முதலில் ஒப்பந்தக் கடிதம் வந்தது. கேள்வி கேட்டவர் என் தொகுப்பை முழுதாகப் படித்திருந்தார். பக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள். நான் வாசிக்கவிருந்த தாள்களிலிருந்து ஊசியைக் கழற்றச் சொன்னார். தாளைப் புரட்டக் கூடாது, முடிந்ததை ஓசையில்லாமல் பக்கத்தில் நகர்த்த வேண்டும் என்றார். குரல் அளவு பார்த்த பிறகே பதிவு தொடங்கியது. ஒரு பாத்திரம் ஏன் பாதியில் மறைந்துபோகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே தனியார் அலைவரிசை ஒன்றிலிருந்து மாலையில் தொலைபேசி அழைப்பு வந்தது. தோட்டத்து லயக் குடியிருப்புக்குள் சிக்னல் நிற்காது. கோயில் மேட்டுக்கு ஏறிப் பேசினேன். "அண்ணே, பக்கத்துல ரேடியோ பாடுனா குறைச்சிருங்க, எதிரொலிக்குது" என்றார் அறிவிப்பாளர் தம்பி. அடுத்த நிமிடம் நேரலை. புத்தகத்தை அவர் பார்த்திருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து எப்படி எழுத வந்தீர்கள் என்பதிலிருந்து கேள்வி நகரவே இல்லை. மலையகத்தில் ஒருவர் எழுதுவதே அதிசயம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. ஆனால் வட்டகொடைப் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இங்கிருந்து எழுதியவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனவர். இனி எங்களிடம் கேட்கவேண்டியது எழுத்தைப் பற்றி.

ஆனாலும் அந்த நேரலை எனக்கு ஒன்றைத் தந்தது. வேறொரு தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் அக்கா அழைப்பில் வந்தார். கதையில் கொழுந்து நிறுவை நேரம் வருகிறது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஈரத்துக்கு, சாக்குக்கு என்று தங்கள் மலையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், மழை நாளில் அது எப்படிக் கூடுகிறது என்று விளக்கினார். திருத்தித் தொகுத்து ஒலிபரப்பும் பதிவில் அந்தக் குரலுக்கு இடமில்லை. கதையின் சொந்தக்காரர்களே கதாசிரியரோடு பேசுவது இலங்கை வானொலி மரபின் பெரும் பலம்.

மக்கள் குரலுக்கு இடம்தரும் சமூக வானொலியும் எங்கள் கொத்மலைப் பகுதியில் 1989இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004இல்தான் தொடங்கியது. ஆனால் முன்னோடியான கொத்மலை நிலையம் அரச ஒலிபரப்புக்கு உட்பட்டது. பெரும்பாலும் சிங்களத்தில் பேசியது. தோட்டத்துத் தமிழுக்கு அதில் உரிய நேரம் வேண்டும்.

தயாரிப்பில் தமிழ்நாடு மேல், நெருக்கத்தில் இலங்கை மேல் என்பதே என் முடிவு. ஒலிபரப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், நேயர் அழைப்பையும் திறந்து வையுங்கள். சக எழுத்தாளர்களுக்கும் ஒன்று: ஒவ்வொரு செவ்விக்கும் ஒலிப்பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கி, நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுங்கள். காற்றில் போன பேச்சை எந்த ஆய்வாளராலும் தேடி எடுக்க முடியாது.