திகம்பரருக்கு எத்தனை ஆடை!

திகம்பரர் என்பது வடசொல். திசைகளையே ஆடையாக உடுத்தவர் என்று பொருள். அதாவது, ஆடையே அற்றவர்! அப்பெயர் தாங்கிய ஒருவர், ஒரே படத்தில் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் உடை மாற்றி உலவிய விந்தையை 1950-ஆம் ஆண்டில் தமிழகம் கண்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து, டி.ஆர்.சுந்தரம் இயக்கிய 'திகம்பர சாமியார்' தான் அந்தப் படம். மூலக்கதை வடுவூர் கே.துரைசாமி ஐயங்காருடையது. இவருடைய 'மேனகா'வை 1935-லேயே ராஜா சாண்டோ படமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த அப்படத்தில்தான் கலைவாணரைத் திரையில் மக்கள் முதன்முதல் கண்டனர்.

துப்பறியும் கதையை வெறும் பொழுதுபோக்கென்று நம் தோழர்களில் சிலர் ஒதுக்குவதுண்டு. நான் ஒதுக்கமாட்டேன். களவு நடந்தால் கள்வன் ஒருவன் உண்டு. கொலை நடந்தால் கொன்ற கை ஒன்று உண்டு. இதுவன்றோ அக்கதையின் முதல் விதி! 'எல்லாம் அவன் செயல்', 'முற்பிறப்பின் வினை' என்று துப்பறிவோன் சொல்லிவிட்டால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துபோகும். ஐயம் கொள், தடயம் தேடு, பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே! ஈரோட்டுப் பெரியார் மேடையில் கேட்கச் சொன்ன கேள்விகளும் இவைதாமே?

அப்படியிருக்க, அறிவால் உண்மையைத் தேடும் ஒருவருக்குத் தமிழ் நாவலாசிரியர் சூட்டிய பெயர் என்ன? சாமியார்! பிரெஞ்சு நாட்டில் விடோக் என்னும் முன்னாள் குற்றவாளி, துப்பறியும் காவல்படைக்கே தலைவனானான். அவன் சாயலில் கபோரியோ படைத்த லெகோக், வேடம் புனைவதில் வல்லவனாயினும் ஊதியம் பெறும் காவலன்தான். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வாழ்ந்த நம் புதுவைக்கு இவர்கள் அயலாரல்லர். அங்கே, அறிவுக்கு அறிவே சான்று. இங்கேயோ துறவியின் பட்டம் முன்னே நடக்கவேண்டியிருக்கிறது. அறிவு அதன் பின்னே கைகட்டிச் செல்கிறது. கயவனான ஒரு வழக்கறிஞரைத் துணிந்து அம்பலப்படுத்தும் கதைக்கு இந்தக் காவி முத்திரை எதற்கு?

குறையைச் சொன்ன வாயால் நிறையையும் சொல்லவேண்டும். படத்தைத் தாங்குபவர் எம்.என்.நம்பியார். பின்னாளில் வாளேந்திய வில்லனாகவே தமிழர் நெஞ்சில் பதிந்துபோன அவர், இங்கே கதையின் நாயகர். வேடத்துக்கு வேடம் அவர் காட்டும் வேறுபாட்டைப் பார்க்கும்போது, இவரை வில்லனாகவே அடைத்துவைத்த திரையுலகின்மீது சினமே எழுகிறது. வேடங்களோ வேறொரு பாடத்தையும் தம்மையறியாமல் சொல்லிவிடுகின்றன. உடையை மாற்றினால் ஊர் வணங்குகிறது. மீண்டும் மாற்றினால் அதே ஊர் விரட்டுகிறது. உள்ளே இருப்பவன் ஒருவனே! சாமியார் என்பதும் ஓர் உடையே என்ற முடிவுக்குப் படம் ஓரடி தொலைவில் வந்து நிற்கிறது. அந்த ஓரடியை எடுத்து வைக்க அதற்குத் துணிவில்லை.

துணிவு அந்தப் படநிலையத்தில் இல்லாமலில்லை. அதே 1950-இல், அதே மாடர்ன் தியேட்டர்ஸ், கலைஞரின் எழுத்தில் 'மந்திரி குமாரி'யைத் தந்தது. அதிலும் நம்பியார்தான், ஆனால் ராஜகுரு! அரண்மனையில் அருள்வாக்கு, அறையில் சூழ்ச்சி! புனித உடைக்குள் இருப்பது யார் என்று அந்தப் படம் நேராகவே கேட்டது. அதே ஆண்டில்தான் நம் புரட்சிக்கவிஞரின் 'எதிர்பாராத முத்தம்' 'பொன்முடி'யாக அங்கே உருப்பெற்றது. ஓராண்டு, ஒரே கூரை. சாமியாரும் உண்டு, சாமியாரைத் தோலுரிப்பவரும் உண்டு. முதலாளியின் கணக்கேட்டில் இரண்டும் வரவுதான்!

சாமியாரே துப்பறியலாம் என்றால், சாமியாரைத் துப்பறிந்தவர் கதை? அதுவும் திரைக்கு வந்தது. இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூரின் ஆய்வுக் குறிப்பொன்றை 1972-இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்றும், 1973-இல் தமிழில் டி.ஆர்.ராமண்ணா 'மறுபிறவி' என்றும் எடுத்தனர். அங்கே பட்டமில்லை, வேடமில்லை, கேள்வி மட்டுமே. அக்கேள்வியைக் கேட்ட நரேந்திர தாபோல்கரைப் புனே நகரில் 2013 ஆகஸ்டு 20 அன்று சுட்டுக் கொன்றார்கள். மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிரான சட்டம் அவ்வாண்டு இறுதியில்தான் மராட்டியத்தில் நிறைவேறியது.

அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று கோவூர் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை வென்று சென்ற சாமியார் ஒருவருமில்லை.