சாசனங்களில் நிற்கும் மாதர்

தென்னாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுந்த அறிஞர்கள் முதலில் தேடியது அரசர்களின் வரிசையையே. அதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. எவன் மகன் எவன், எவன் எந்த ஆண்டில் முடி சூடினான், எந்தப் போரில் எந்த நாட்டைக் கொண்டான் என்பவை தெளிந்தாலொழிய வேறெதையும் காலத்தோடு பொருத்திக் காட்ட இயலாது. ஆகையால், 1890-இல் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதியை வெளியிட்டது தொட்டு நெடுங்காலம் வரையில், சாசனத்தின் தலைப்பில் நின்று அரசன் புகழைக் கூறும் மெய்க்கீர்த்தியே ஆராய்ச்சியாளரின் கண்ணை நிறைத்தது. ஆனால் மெய்க்கீர்த்தி முடிகிற இடத்தில்தான் சாசனம் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. விளக்கெரிக்க ஆடு விட்டவர், நிலம் விற்றவர், பொன் கொடுத்தவர், கொடுத்ததற்குச் சாட்சி நின்றவர் யாவரும் அங்கேதான் வருகிறார்கள். அவர்களிற் கணிசமானோர் பெண்கள். பழங்காலப் பெண்களைப் பற்றிச் சான்றுகள் இல்லையே என்று மேடைதோறும் வருந்துவது நமக்கு வழக்கமாகிவிட்டது. சான்றுகள் கோயிற் சுவர்களில் ஆள் உயரத்திலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. படித்தவர்கள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செம்பியன் மாதேவியாரின் வரலாறு இதற்குச் சிறந்த நிதரிசனம். மழவர் குலத்திற் பிறந்து, கண்டராதித்த சோழரை மணந்து, அவர் மறைந்தபின் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த இப்பெருமாட்டி, சோழ அரியணையில் ஆள் மாறி ஆள் அமர்ந்த அக்காலம் முழுவதும் ஓயாது செய்து வந்த பணி, செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியெடுப்பதாகும். திருநல்லம் என்ற கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகாவல், விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று அவருடைய திருப்பணி நீண்டு செல்கிறது. திருநல்லத்துக் கோயிலைத் தம் கணவரின் பெயராலே எடுப்பித்து, அவர் லிங்கத்தை வழிபடும் காட்சியைச் சுவரிற் செதுக்குவித்து, இவர் இன்னார் என்று கீழே எழுதியும் வைத்தார். அதோடு, கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டனுடைய உருவமும் பெயரும் அங்கே இடம்பெற்றிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக எத்தனையோ கோயில்களைக் கட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாமற் போயிருக்க, ஒரு கைம்பெண் எழுப்பிய கோயிலில் அதைக் கட்டியவனுக்கும் சுவரில் இடம் கிடைத்தது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

இதனினும் வியப்புக்குரியது திருக்கோடிகாவலில் நடந்தது. பழைய கோயிலைப் பிரித்தபோது அதன் கற்களில் ஆங்காங்கே கிடந்த முன்னோர் சாசனங்களை எறிந்துவிடாமல், புதிய கற்றளியின் சுவர்களில் திரும்பப் பொறிக்கச் செய்து, அவை பழங்கல்லிலிருந்து பெயர்த்தெழுதியவை என்பதையும் குறிப்பித்திருக்கிறார். பல்லவர் பாண்டியர் காலத்துச் செய்திகள் சில இன்று நமக்கு எட்டுவது அந்த ஒரு கட்டளையினால். தொல்பொருள் துறை என்று ஒன்று தோன்றுவதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் வேலையைச் செய்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. ஆயினும் நம் பாடநூல்களில் அவர் உத்தம சோழனின் தாயார் என்ற அளவோடு நிற்கிறார். அவர் பெயரால் அமைந்த ஊர் நாகப்பட்டினத்தை அடுத்து இன்றும் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட நிவந்தம் அளித்தவர்கள் உத்தம சோழனின் தேவியர், அதாவது அவருடைய மருமகள்மார்! மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்மார் கூடிப் பொருள் வைத்த செய்தி நம் நாட்டில் கல்லில் ஏறத்தக்கதே என்று யாரேனும் நகைத்தால் அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ராஜராஜனின் தமக்கையார் குந்தவையை மறக்கப்பட்டவர் என்று கூற முடியாது. கல்கியின் நாவல் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால் நாவலில் வரும் குந்தவை மதியூகி. சாசனத்தில் வரும் குந்தவை பொருளை ஆள்பவர். தஞ்சைப் பெரிய கோயிலின் தானங்களைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட மன்னர், தாம் கொடுத்தவற்றை அடுத்துத் தம் அக்கன் கொடுத்தவற்றைச் சொல்லி, அதன் பின்னரே தம் தேவியர் கொடுத்தவற்றைக் கூறுகிறார். தந்தைக்கும் தாய்க்கும் அக்கோயிலில் படிமம் எழுந்தருளுவித்ததும், தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணப் பள்ளிக்கும் ஒருங்கே கோயில் எடுத்ததும், தஞ்சையில் ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்கு நிலம் வைத்ததும் அவர் செய்தவை.

தானமென்றால் பக்தி என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. ஒரு நந்தாவிளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும்; அதற்குத் தஞ்சையில் 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விட வேண்டும். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் ஆடு குறையாமற் பார்த்து, தலைமுறை தோறும் நெய் அளக்கக் கடமைப்பட்டவன். ஆகவே விளக்கு வைத்த ஒரு பெண், பக்தி செய்ததோடு, மந்தையையும் மேய்ப்பவனையும் கோயில் பண்டாரத்தையும் பிணைக்கும் ஒப்பந்தமொன்றைத் தன் பெயரால் எழுதுவித்தவளுமாகிறாள். 966-இல் திருப்பதித் திருமலையில் வெள்ளித் திருமேனி செய்தளித்த சாமவை என்னும் பல்லவப் பெருமாட்டி, அதனோடு ஆபரணங்களையும் பூஜைக்கும் விழாவுக்கும் வேண்டிய நிலத்தையும் சேர்த்தே கொடுத்தாள். ஆயிரம் ஆண்டு கழித்தும் போக ஸ்ரீநிவாசர் என்று அத்திருமேனி வழிபாட்டில் இருக்கிறதென்றால், அந்த முன்யோசனைக்கும் அதில் பங்குண்டு.

அரச குடும்பத்துக்கு வெளியே செல்வோமாயின் பொருள் இன்னும் செறிவாகிறது. தஞ்சைக் கோயிலின் மதிலில் ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட சாசனமொன்று, சோழ மண்டலத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிற் பணிப் பெண்களின், பெயர்களைச் சொல்கிறது. இன்ன தளிச்சேரியில், தெருவின் இன்ன சிறகில், இத்தனையாம் வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்னாள் என்று, தபால்காரன் கையிலுள்ள முகவரியைப் போல அத்தனை துல்லியமாக அது செல்கிறது. சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்பன போன்ற பெயர்களைப் படித்துக்கொண்டே போகையில், அத்தெருவில் நடந்து செல்வது போன்ற உணர்ச்சி உண்டாவதை யாரும் தடுக்க முடியாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ புறநாடு சென்றாலோ, அவளுடைய உறவினருள் தகுதியுள்ளவர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும்; தாம் தகுதியற்றவராயின் தக்காரை ஆளிட்டுச் செய்விக்க வேண்டும் என்பதும் விதி. ஒரே காலத்து, ஒரே ஊரில் வாழ்ந்த சாதாரணப் பெண்கள் நானூற்றுவரைப் பெயரும் இருப்பிடமும் ஊதியமும் கூறிக் காட்டும் ஏடு, உலகில் அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததாக எத்தனை இருக்கும்?

இப்பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி நெடுநாள் தடைப்பட்டு நின்றதற்குக் காரணம், 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் தேவதாசி முறை அடைந்த நிலையும், அதை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்த வாதப் பிரதிவாதங்களும் ஆகும். அவ்வாதத்தின் நிழல் பின்னோக்கிச் சோழர் காலத்தின் மேலும் விழுந்தது. வேண்டியவர்கள் அங்கே கலையரசிகளையும், வேண்டாதவர்கள் இழிவையும் கண்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த லெஸ்லி ஓரின் நூல், சாசனங்களை எண்ணிப் பார்த்து, இவ்விரு சாராரும் சொல்லாத ஒன்றைக் காட்டியது: கோயிற் பெண்கள் ஆடுபவராகவும் பாடுபவராகவும் குறிக்கப்படுவது அரிது, கொடையாளராக வருவதே மிகுதி, சோழர் காலத்தின் பிற்பகுதியில் மற்றப் பெண்களின் கொடைகள் குறையக் குறைய, இவர்களுடையவை பெருகின. கொடுத்தே அவர்கள் கோயிலில் மரியாதையும் உரிமையும் பெற்றார்கள். தமிழில் இத்துறையில் கல்வெட்டுக்களை நேரிற் படித்து உழைப்பவர்களுள், திருச்சியில் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தைச் சேர்ந்த இரா. கலைக்கோவனும் மு. நளினியும் குறிப்பிடத் தக்கவர்கள்.

திருவாரூர்ப் பரவை நங்கையாரைப் பற்றி ஒரு வார்த்தை. முதலாம் ராஜேந்திரனின் அணுக்கியாகிய, அதாவது அவனுக்கு நெருக்கமானவளாகிய, அவள் வீதிவிடங்கப் பெருமானின் கோயிலைக் கல்லாற் கட்டுவித்துப் பொன்னும் வேய்ந்தாள். மன்னனும் அவளும் நின்று தரிசித்த இடத்தைக் காட்டுவதற்கென்றே அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. அணுக்கியொருத்தி நின்ற இடத்துக்கு விளக்கு!

சமணப் பள்ளிகளின் குரத்திகளைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். கழுகுமலைப் பாறையில் திருச்சாரணத்துக் குரத்திகள் முதலான பல ஆசிரியைகளின் பெயர்கள் உள்ளன. குமரிப் பக்கத்துச் சிதறாலில் குணந்தாங்கிக் குரத்தியார் தந்த கொடை பதிவாகியிருக்கிறது. தொண்டை நாட்டு வேடலில், கனகவீரக் குரத்தியாருக்கும் அவருடைய ஐந்நூறு மாணாக்கியருக்கும் மற்றொரு கூட்டத்து நானூற்றுவருக்கும் பூசல் மூண்டபோது, ஊரார் தலையிட்டுக் குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காத்து உணவளிப்பதாக ஏற்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் ஐந்நூறு பேருக்குக் கற்பித்தாள் என்பதைக் கேட்டு மகிழ்பவர்கள், அந்தப் பள்ளியிலும் சண்டை இருந்தது என்பதை விட்டுவிடக் கூடாது. அதுதான் அதை மெய்யாக்குகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சாசனம் கொடுத்தவர்களின் ஏடு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கொடுக்க ஒன்றுமில்லாதவள் அதில் நுழையப் பெரும்பாலும் ஒரு வழிதான் உண்டு. அது விலைப் பொருளாக நுழைவது. 1201-இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், திருப்பாம்புரத்து வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றான். நிலமுள்ள பெண்ணும் அதை விற்க முதுகண் என்ற காப்பாளன் ஒருவனை முன்னிறுத்தியதைப் பல சாசனங்கள் காட்டுகின்றன. சாமவையின் கையெட்டிய தூரத்தை எல்லாப் பெண்களுக்கும் உரியதாக்கிப் பெருமைப்படுவது, மெய்க்கீர்த்தியை அப்படியே நம்புவதை ஒத்த பிழை.

ஆயிரக்கணக்கான சாசனங்களுக்கு இன்றளவும் முழுப் பாடம் அச்சாகவில்லை. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் வந்த இரண்டொரு வரிச் சுருக்கமே கிடைக்கிறது. அச்சுருக்கத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் தவறாமல் இருக்கும். கொடுத்தவள் எந்த ஊரினள், யார் மகள், எந்த நிபந்தனையோடு கொடுத்தாள் என்பதைச் சுருக்கியவர் விட்டிருப்பார். அவற்றை அறிய விரும்புவோர் கல்லிலிருந்து எடுத்த மைப்படிகளைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகப் படிக்கத்தான் வேண்டும்.