கள்ளியில் விளையும் சிவப்பு

மெக்சிகோவின் ஒஹாகா வட்டாரத்தில், சப்பாத்திக் கள்ளி மடல்களில் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்து நசுக்கினால் மெழுகுத்தூள் விலகி, விரலெல்லாம் அடர்சிவப்பு. அதுதான் கொச்சினீல் பூச்சி. சாயத்துக்கு உதவுவது பெண் பூச்சிதான். அதற்கு இறக்கை கிடையாது. கள்ளியில் வாய் பதித்துவிட்டால் அப்புறம் அங்கேயேதான். எறும்பு முதலியவை தன்னைத் தின்றுவிடாதிருக்க அது உடலில் சேர்த்து வைக்கும் கார்மினிக் அமிலமே நமக்குச் சாயம்.

காய்ந்த பூச்சி ஒரு கிலோ சேர ஏறத்தாழ 1,40,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பானிய ஆட்சியில் மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். வாங்கிய ஐரோப்பியர் பலர் வெகுகாலம் இதை ஏதோ விதை என்றே நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். உயர்ரகப் பூச்சி வாய்க்காமல் முயற்சி தேறவில்லை.

ஒஹாகாவின் தியோதித்லான் தெல் வாயே நெசவாளர்கள் காய்ந்த பூச்சியைக் கல்லில் வைத்து நைய அரைக்கிறார்கள். படிகாரம் ஏற்றிய கம்பளி நூல் அந்தச் சாயத்தில் சிவக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். சோடா உப்பு சேர்த்தால் ஊதாவாகும். இரும்பு கலந்தால் கருமை தட்டும். நிறம் பூச்சியுடையது, அதை எங்கே நிறுத்துவது என்ற கணக்குத்தான் கைத்திறன். செயற்கைச் சாயம் வந்து சந்தையைப் பிடித்த பிறகும் இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.